செவ்வாய் இரவு, எட்டு டாலர்

முதல் தடவை நான் படம் பார்க்கப் போகவில்லை.
பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.
வினிபெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் அவென்யூவில் நின்ற என் இமைமயிர்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
வெளிச்சம் தெரிந்த ஒரே கதவைத் தள்ளினேன்.
எட்டு டாலர் என்றார் ஒரெஸ்ட்.
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் உட்கார்ந்து
தொப்பி போட்ட ஒருவன் ஒருத்தியைப் பார்த்து
‘நீ பொய்காரி’ என்று சொல்லும்வரை விழித்திருந்தேன்.
அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று
தூங்கிப்போனேன்.

கறுப்பு வெள்ளை எனக்குப் புதிதா என்ன.
எக்ஸ்ரே அறையில் பதினோரு வருஷம்.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடலாம்.
நாளெல்லாம் எலும்பும் இருட்டும்.
லீவு நாளிலும் காசு கொடுத்து அதையே பார்ப்பாயா என்று
ரோசெல் சிரித்தாள்.
அடுத்த செவ்வாயும் போனேன்.

எளிதாகப் பிடித்தவைதான் முதலில் பிடித்தன.
ஜன்னல் பட்டைகளின் நிழல்
ஒரு முகத்தை நாலுவரி நோட்டாக்குவது.
கிளாஸில் ஐஸ் உருளும் சத்தம்.
போன் அடித்தால் யாரும் உடனே எடுக்காதது.
துணியைப் பார்த்து ஆளை விரும்புவது போல
ஒரு காதல். அதிலும் தப்பில்லை.

மழையே பெய்யாத இரவிலும்
தெரு நனைந்திருப்பதை
மூன்றாம் மாதம்தான் கவனித்தேன்.
ஒரு விளக்கை இரண்டாக்க
யாரோ குழாய் பிடித்து நனைத்திருக்கிறார்கள்.
திரையில் பேர் வராத அந்த ஆளை
கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டே திரிந்தேன்.

நிலம்: ஈரத் தார்ச்சாலை.
பொழுது: யாமம்.
பூ: கோட்டில் செருகியது மட்டும்.
பறை: பக்கத்து அறைத் தொலைபேசி.
உரிப்பொருள்: நம்பக்கூடாதென்று தெரிந்தே நம்புதல்.
பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நான் வளர்ந்த படங்களில்
போலீஸ் கடைசியில் வரும், எல்லாம் சரியாகும்.
இவற்றில் போலீஸ் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது.
ஒன்றும் சரியாவதில்லை.

பிப்ரவரியில் ஒருத்தி வந்தாள். வலது முன்கை.
‘படி வழுக்கிவிட்டது’ என்றாள்,
நான் கேட்பதற்கு முன்னால்.
இடது கையுறையைக் கழற்றவேயில்லை.
கூட வந்தவன் மிக மரியாதையானவன்;
எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தான்.
படத்தில் புது விரிசல், மயிரிழை போல.
அதற்கு மேலே இரண்டு பழையவை,
ஆறித் தடித்து, வெள்ளை வெளேரென்று.
படம் எடுப்பது என் வேலை.
படத்தைப் படிப்பது டாக்டர் வேலை.
பதினோரு வருஷமாக அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

‘இன்னொரு கோணம் எடுக்க வேண்டும்,
நீங்கள் வெளியே இருங்கள்’ என்று
அவனிடம் பொய் சொன்னேன்.
கதவைச் சாத்தினேன். மெஷினைப் போடவில்லை.
அரை இருட்டில் இரண்டு பேரும் நின்றோம்.
மூச்சை விடலாம், என்றேன்.
அவள் வெகுநேரம் விடவில்லை.

விட்ட பிறகு சொன்னதை
இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த செவ்வாய், நான் தூங்கிப்போன
அதே படத்தைத் திரும்பப் போட்டார்கள்.
தொப்பிக்காரன் அதே வரியைச் சொன்னான்.
இந்தத் தடவை நான் அவனைப் பார்க்கவில்லை.
விளக்குக்கு முதுகு காட்டி நின்று
ஒரே ஒரு முறை
அவள் உண்மையைச் சொல்கிறாள்.
யாரும் கேட்கவில்லை. அவன் சிகரெட் பற்றவைக்கிறான்.
அன்றைக்கு நான் குறட்டை விட்டிருப்பேன்.

மூன்றே பேர்தான் வந்தீர்கள் என்று
கதவைப் பூட்டினார் ஒரெஸ்ட்.
வெளியே ஒரு விளக்கு
உறைந்த நடைபாதையில் இரண்டாகக் கிடந்தது,
யாரும் குழாய் பிடிக்காமலே.
‘படி வழுக்கும், பார்த்து’ என்றார்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.